எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று தெற்கே போகப் போக, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுவதைக் கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் களியக்காவிளை ஒரு மாநிலம், பாறசாலை மற்றொரு மாநிலம். மனிதர்கள் எல்லையை மதித்து நடக்கிறார்கள். வானத்தில் வரும் அலைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே இவ்வூர்களில் வாழும் தமிழர் வீட்டுக் கூடத்தில் இரு மாநிலங்களின் நிகழ்ச்சிகளும் வந்து நிறைகின்றன. அவற்றோடு ரிமோட்டுகளும் வந்து நிறைகின்றன.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடிப் பாறசாலைக்கு வந்து குடியேறிய குடும்பம். எங்கள் வீட்டையே வைத்துக் கணக்குச் சொல்கிறேன். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு ரிமோட். மலையாளச் செய்திக்காக உள்ளூர்க் கேபிள்காரர் கொடுத்த பெட்டிக்கு ஒன்று. தமிழ் நிகழ்ச்சிகள் குறைவின்றி வேண்டுமென்று மாடியில் பொருத்திய டிஷ்ஷின் பெட்டிக்கு ஒன்று. மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஹோம் தியேட்டர் ஒலிபெருக்கிக்கு ஒன்று. ஆக நான்கு. நான்கிலும் பொத்தான்களின்மேல் உள்ளவை ஆங்கில எழுத்துகள்: சோர்ஸ், மியூட், மெனு, எக்ஸிட். எங்கள் ஆச்சி தமிழ் நாளிதழை விளம்பரம் விடாமல் வாசிப்பார்கள். மலையாளம் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. ஆங்கிலம் அறவே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனபின், பெட்டி எதிரில் இருந்தும் அதைத் திறந்து பார்க்க ஆச்சியால் இயலாது. மாலையில் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். படித்தவர்கள் பலர் உள்ள வீட்டில் ஒருவர் மட்டும் இப்படிக் காத்திருப்பது விஞ்ஞானம் பயிலும் எனக்கு உவப்பாக இல்லை.

இந்த நான்கையும் ஒன்றாக்குவதற்கு வந்த கருவியே தொடுதிரை ரிமோட். கையளவு கண்ணாடிப் பலகை. அதன்மேல் ஒளியால் வரைந்த பொத்தான்கள். எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் அதிலிருந்தே இயக்கலாம் என்பது விற்பவர் சொல்லும் சொல். அச்சொல் எவ்வளவு மெய் என்பதை அறிய, ரிமோட் என்பது எங்ஙனம் பேசுகிறது என்பதை முதலில் காண வேண்டும்.

களியக்காவிளையிலிருந்து பேருந்தில் சென்றவர்கள் இதை எளிதில் உணர்ந்துகொள்வார்கள். கேரள அரசுப் பேருந்தில் கண்டக்டர் கயிற்றை இழுத்து மணி அடிக்கிறார். ஒற்றை மணி என்றால் நிறுத்து. இரட்டை மணி என்றால் போ. தமிழ்நாட்டுப் பேருந்தில் மணிக்குப் பதில் விசில். கண்டக்டர் வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஒலியும் ஒலியற்ற இடைவெளியும் சேர்ந்தே கட்டளை ஆகின்றன. ரிமோட்டும் அவ்வாறே செய்கிறது. அது ஒலிக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்துகிறது. அதுவும் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு உமிழ்வது பெரும்பாலும் 940 நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைப்பேசிக் காமிராக்கள் பலவற்றுக்கு இது தெரியும். ரிமோட்டைக் காமிராவின்முன் நீட்டிப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிறிய ஊதாப் புள்ளி ஒன்று மின்னும். சில காமிராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் மின்னாது; அப்போது முன்பக்கக் காமிராவில் பார்க்கலாம். ரிமோட் கெட்டுவிட்டதா, பாட்டரி தீர்ந்துவிட்டதா என்று கடைக்கு ஓடுமுன் இச்சோதனையைச் செய்வது நலம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சூரியனும் அகச்சிவப்பை உமிழ்கிறது, அடுப்பும் உமிழ்கிறது. இத்தனை இரைச்சலுக்கிடையே பெட்டிக்கு ரிமோட்டின் பேச்சு மட்டும் எவ்வாறு கேட்கிறது? இந்தத் தொல்லையை முன்னோர் பட்டறிந்தே தீர்த்தார்கள். அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950-இல் கம்பியால் இணைத்த ரிமோட்டை விற்றது. கம்பி காலில் தடுக்கியது. 1955-இல் அந்நிறுவனத்தின் யூஜீன் பாலி கம்பியில்லாத கருவியை அமைத்தார். அது ஒரு டார்ச் விளக்குப்போன்றது. பெட்டியின் நான்கு மூலைகளில் இருந்த ஒளி உணரிகளில் எதன்மேல் வெளிச்சம் அடிக்கிறோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். வெயில் சன்னல் வழியே விழுந்தபோதோ, யாரும் கேட்காமலே பெட்டி இயங்கியது. 1956-இல், அதாவது நம் எல்லை மாறிய அதே ஆண்டில், ராபர்ட் ஆட்லர் அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியால் தட்டிக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்குப் பாட்டரியே தேவையில்லை. ஆனால் நாணயங்கள் குலுங்கினாலும் பெட்டி ஏமாந்துபோனதுண்டு.

பிற்காலத்தில் வந்த அகச்சிவப்பு ரிமோட்டில் ஒளியைச் சும்மா எரியவிடுவதில்லை. விநாடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். பெட்டியின் உணரியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டுமே அது உள்ளே விடும். வெயில் எவ்வளவு பிரகாசமாயினும் இப்படித் துடிப்பதில்லை. ஆகவே அது புறக்கணிக்கப்படுகிறது. சி.எப்.எல். குழல்விளக்குகளில் சில மட்டும் ஏறத்தாழ இதே வேகத்தில் துடிப்பதுண்டு. அத்தகைய விளக்கு பெட்டியருகே எரியும்போது ரிமோட் வேலை செய்யாமல், விளக்கை அணைத்ததும் வேலை செய்தால் வியப்படைய வேண்டியதில்லை.

இனி மணியின் கணக்கைப் பார்ப்போம். ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி. வகுத்த முறை மிகப் பரவலானது. முதலில் 9 மில்லி விநாடி நீளமான ஒரு துடிப்பு: “கவனி” என்று பொருள். பிறகு 4.5 மில்லி விநாடி மௌனம். அதன்பின் 32 எழுத்துகள். ஒவ்வொன்றும் சுழி அல்லது ஒன்று. ஒரு சிறு துடிப்பும் அதே அளவு மௌனமும் வந்தால் சுழி. சிறு துடிப்பும் அதைப்போல் மும்மடங்கு மௌனமும் வந்தால் ஒன்று. இந்த 32-இல் முதல் எட்டு, எந்தக் கருவிக்குச் சொல்கிறோம் என்ற முகவரி. அடுத்த எட்டு, அதே முகவரியைச் சுழிக்கு ஒன்றும் ஒன்றுக்குச் சுழியுமாகத் தலைகீழாக்கியது. மூன்றாம் எட்டு கட்டளை. நான்காம் எட்டு அக்கட்டளையின் தலைகீழ். இரண்டும் பொருந்தினால்தான் பெட்டி கீழ்ப்படியும். இடையில் ஓர் எழுத்துச் சிதைந்தாலும் பேசாமல் இருந்துவிடும். இதில் ஓர் அழகும் உண்டு. தலைகீழையும் சேர்த்து அனுப்புவதால் எந்தக் கட்டளையிலும் பதினாறு சுழிகளும் பதினாறு ஒன்றுகளுமே இருக்கும். ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினாலும் செய்தியின் நீளம் ஒன்றே: ஏறத்தாழ 68 மில்லி விநாடி.

எல்லா நிறுவனமும் இம்முறையைக் கைக்கொண்டிருந்தால் ரிமோட்டுகள் பெருகியிருக்கமாட்டா. பிலிப்ஸ் வகுத்த ஆர்.சி.5 முறையில் துடிப்பின் வேகம் 36,000, எழுத்துகள் 14. சோனியின் முறையில் வேகம் 40,000. மணிக்குப் பழகிய ஓட்டுநரின் பின்னால் நின்று ஒருவர் விசில் ஊதினால் என்ன ஆகும்? ஓட்டுநர் காது கேளாதவர் அல்லர். அந்த ஒலி அவருக்குக் கட்டளையாகத் தோன்றாது, அவ்வளவே. நான்கு பெட்டிகளும் நான்கு ரிமோட்டுகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கூடத்தில் வாழ்வதற்குக் காரணம் இதுவே.

எல்லாவற்றுக்கும் பொதுவான ரிமோட் என்பது மணியும் விசிலும் ஒருங்கே வைத்திருக்கும் கண்டக்டர். அது இம்மொழிகளைக் கற்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பழைய ரிமோட்டை அதன் முகத்துக்கு நேரே வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக் காட்டுதல். அது துடிப்புகளின் நீளங்களை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும். மற்றொன்று, உலகிலுள்ள பெட்டிகளின் குறிகளையெல்லாம் தொகுத்த பட்டியலிலிருந்து நம் பெட்டியின் பெயரைத் தேடி எடுத்தல். ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், 1987-இல் கோர் என்னும் பெயரில் கற்கும் ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்தார். தொடுதிரையோடு கூடிய பிரோன்டோ என்னும் ரிமோட்டை பிலிப்ஸ் 1998-இல் வெளியிட்டது. பின்னர் ஹார்மனி என்ற வகை பெயர்பெற்றது. அதை விற்றுவந்த லாஜிடெக் நிறுவனம் 2021-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

நம் ஊர்களில் இத்தகைய தனிக்கருவிகள் ஒருநாளும் பரவவில்லை. அதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஷியோமியின் ரெட்மி போன்ற கைப்பேசி வகைகள் பலவற்றில் மேல்விளிம்பில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று இருக்கும். அது அகச்சிவப்பு விளக்கு. ஆன்டிராய்டு அமைப்பு 2013-லிருந்தே இவ்விளக்கை இயக்க இடந்தருகிறது. திரை உடையாத பழைய கைப்பேசி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தால், சிம் இல்லாமலே அதைத் தொடுதிரை ரிமோட் ஆக்கிவிடலாம். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விளக்கு உண்டே தவிர உணரி இல்லை. வாய் உண்டு, செவி இல்லை. பழைய ரிமோட்டைக் காட்டிக் கற்பிக்க இயலாது. பட்டியலையே நம்ப வேண்டும். கேபிள்காரர் தரும் பெட்டியின் பெயர் பட்டியலில் கிடைக்காமலும் போகலாம். அப்போது பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும்; கேபிள் நிறுவனத்தின் பெயர் வேறு, பெட்டியைச் செய்தவர் பெயர் வேறு. இன்னொன்று: கைப்பேசியைப் புகைப்படம் எடுப்பதுபோல் பலர் பிடிக்கிறார்கள். விளக்கு மேல்விளிம்பில் இருப்பதால் அந்த விளிம்பே பெட்டியை நோக்க வேண்டும்.

செவியில்லாத இக்குறை மற்றோர் இடத்தில் பெருந்தொல்லை தருகிறது. அதை விளக்கமாகச் சொல்வது என் கடமை. ஏனெனில் ஆச்சி போன்றவர்கள் தடுமாறும் இடம் அதுவே.

விளம்பரங்களில் “ஒரே தொடுதலில் எல்லாம் இயங்கும்” என்று போடுவார்கள். “தமிழ்த் தொடர்” என்று ஒரு பொத்தான். தொட்டதும் தொலைக்காட்சி எரியும், டிஷ் பெட்டி விழிக்கும், ஒலிபெருக்கி இயங்கும், வேண்டிய அலைவரிசை வந்து நிற்கும். பல கட்டளைகளைச் சரம்போல் கோத்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதே இதன் மருமம். ஆயின், பெரும்பாலான பெட்டிகளில் ஏற்றுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே குறிதான். ஒற்றை மணிக்கே “போ” என்றும் “நில்” என்றும் பொருள் வைத்தால் பேருந்து என்ன ஆகும்? நிற்கும் வண்டி புறப்படும். ஓடும் வண்டி நிற்கும். கண்டக்டருக்குக் கண் உண்டு. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்து அடிப்பார். ரிமோட்டுக்குக் கண் இல்லை. டிஷ் பெட்டி முன்பே விழித்திருந்தால், சரத்தின் முதற்கட்டளை அதை உறங்கச் செய்துவிடும். தொலைக்காட்சி எரியும், ஒலிபெருக்கி இயங்கும், திரையில் மட்டும் “சிக்னல் இல்லை” என்ற எழுத்து மிதக்கும். மீண்டும் அதே பொத்தானைத் தொட்டால், எரிவது அணைந்து, அணைந்தது எரியும். இந்தச் சுழலிலிருந்து ஆச்சி மீளவே முடியாது. நான்கு ரிமோட் இருந்தபோது ஒரு பெட்டிதான் தவறும். இப்போது எல்லாம் சேர்ந்து தவறுகின்றன.

ஹார்மனி இதற்கு ஓர் உபாயம் செய்தது. தான் கடைசியாக எதை ஏற்றியது, எதை அணைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டது, குழம்பினால் “தொலைக்காட்சி எரிகிறதா?” என்று மனிதரையே கேட்டுச் சரிசெய்தது. ஏற்ற ஒன்றும் அணைக்க ஒன்றும் எனத் தனித்தனிக் குறியுள்ள பெட்டிகளும் சில உண்டு. பட்டியலில் அவ்வாறு இருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ள வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்த புதிய பெட்டிகளுக்கு வேறு வழியும் இருக்கிறது. அக்கம்பி வழியே பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள முடியும். ஒன்று விழித்தால் மற்றொன்றும் விழிக்குமாறு அமைக்கலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளையுடைய பழைய கம்பிகளில் அது நடவாது. இவை ஒன்றும் இல்லாத வீட்டில் நான் கண்ட சிறந்த வழி மிக எளியது: டிஷ் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் தொலைக்காட்சியோடு ஒரே சுவிட்சுப் பலகையில் இணைத்து, பலகையின் சுவிட்சைக் கையால் போடுவதும் அணைப்பதும். மின்சாரம் வந்ததும் தாமே விழிக்கும் பெட்டிகளாயின் ரிமோட்டின் ஏற்றும் பொத்தானே வேண்டாம். விழிக்காத பெட்டிகளும் அணைந்த நிலை என்ற ஒரே நிலையிலிருந்து தொடங்குவதால், சரம் தவறாமல் நடக்கும். ஆயினும் சரத்தில் கட்டளைகளுக்கிடையே போதிய நேரம் விட வேண்டும். தொலைக்காட்சி முழுதும் விழிக்கச் சில விநாடிகள் ஆகும். விழிக்காதவனிடம் சொன்ன சொல் வீண்.

அலைவரிசைப் பொத்தானிலும் ஒரு கண்ணி உண்டு. “சன்” என்று படம் போட்ட பொத்தானைத் தொட்டால், ரிமோட் அனுப்புவது அந்த அலைவரிசையின் எண்ணை மட்டுமே. எண்ணை அடுத்தடுத்து மூன்று கட்டளைகளாக அனுப்பும். எண் கேபிளுக்குக் கேபிள் வேறு. இஞ்சிவிளைக்கு அப்பால் தமிழ்நாடு அரசு கேபிள் பெட்டி வைத்திருக்கும் சித்தி வீட்டு எண், பாறசாலையில் செல்லாது. இங்கும் கேபிள்காரர் வரிசையை மாற்றினால் அன்றே பொத்தான் பொய்த்துவிடும். பிலிப்ஸ் முறையில், ஒரே எண்ணை இருமுறை அழுத்துவதையும் ஒருமுறை நீள அழுத்துவதையும் வேறுபடுத்த ஓர் எழுத்து ஒதுக்கப்பட்டுள்ளது. அதை உணராமல் கற்ற ரிமோட்டில் 11 என்று அடித்தால் 1 என்றே பெட்டி கொள்வதுண்டு. ஃபயர் ஸ்டிக் போன்றவற்றின் ரிமோட்டுகளோ அக்கருவியோடு அகச்சிவப்பில் பேசுவதில்லை. அவை புளூடூத் என்னும் வானொலி அலையில் பேசுகின்றன. கைப்பேசியின் கரும்புள்ளி அங்கே ஊமை. வை-ஃபை வழியாக இயக்கும் தனி மென்பொருள் அதற்கு வேண்டும்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில், மின்சாரத்தைக் கடத்தக்கூடியதும் கண்ணுக்குத் தெரியாததுமான மெல்லிய பூச்சு இருக்கிறது. நம் விரலும் மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் அருகே வந்ததும் அவ்விடத்தின் மின்தேக்கும் திறன் மாறுகிறது. கருவி அதைக் கண்டு இடத்தை அறிகிறது. அழுத்தம் தேவையில்லை; தோல் வேண்டும். பால்வெட்டும் மண்வெட்டியும் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களைத் திரை சிலபோது உணர்வதில்லை. ரப்பர்ப்பால் காய்ந்து படிந்த கையாயின் சொல்லவே வேண்டாம். எங்கள் பகுதியில் அத்தகைய கைகள் மிகுதி. ரப்பர்ப் பொத்தானோ யார் அழுத்தினாலும் அமுங்கும். இருட்டிலும் விரலுக்கு இடம் தெரியும். கண்ணாடி வழுவழுப்பானது, பார்க்காமல் தொட இயலாது. திரைப்படம் பார்க்கும்போது ஒலியைக் குறைக்கக் கண்ணைத் திரையிலிருந்து திரையிலேயே எடுத்துப்போடுவது அறிவுடைமை ஆகாது.

இவ்வளவு குறை சொன்னபின்னும், எங்கள் பக்கத்து வீடுகளில் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன். காரணம் நான்கு ரிமோட்டு ஒன்றாவதன்று. பழைய ரிமோட்டில் எழுத்துகள் தொழிற்சாலையில் அச்சாகி வருகின்றன. அவற்றை மாற்ற நமக்கு உரிமையில்லை. கண்ணாடியில் உள்ள பொத்தான்களின் பெயரை நாமே இட்டுக்கொள்ளலாம். எல்லா மென்பொருளும் இதற்கு இடந்தருவதில்லை. படங்களை மட்டும் காட்டி நிறுத்துபவையே அதிகம். பொத்தானின் பெயரையும் அளவையும் மாற்ற விடுவதைத் தேடி எடுக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தில் ஆறு பொத்தான்களுக்கு மேல் வைக்கலாகாது. பெயர்களும் ஏட்டுத்தமிழில் வேண்டாம். “ஒலியளவு” என்று எழுதினால் ஆச்சி அதை வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். “சத்தம் கூட”, “சத்தம் குறைய” என்று எழுதினால் விரல் தானே போகும். அலைவரிசைகளுக்கு அவற்றின் பெயரையே எழுதலாம். “மெனு”வும் “எக்ஸி”ட்டும் அப்பக்கத்தில் இருக்கவே கூடாது, வழிதவறுவது அவற்றால்தான்.

தம்பி மலையாளப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அவனுக்கு அடுத்த பக்கத்தில் அதே பொத்தான்களை மலையாளத்தில் அமைக்கலாம். அச்சடித்த ரிமோட்டு எதுவும் ஒரே வீட்டில் இரு எழுத்துகளில் பேசியதாக நான் கண்டதில்லை. ஆனால் பக்கம் புரட்ட விரலை ஓரமாகத் தள்ளினாலே போதும் என்பதால், ஆச்சியின் விரல் தவறி மலையாளப் பக்கம் வந்து நிற்கும். ஆதலின் பழைய கைப்பேசிகள் இரண்டு இருந்தால் ஆளுக்கொன்றாகக் கொடுப்பதே நலம். ஆன்டிராய்டில் 2014-க்குப் பின் வந்த பதிப்புகளில், ஒரு மென்பொருளைவிட்டு வெளியே போகாதபடி திரையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. அதையும் போட்டுவிட வேண்டும். மின்னேற்றும் கம்பியைக் கட்டிலின் தலைமாட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டும். ரப்பர் ரிமோட்டின் பாட்டரி மாதக்கணக்கில் உழைக்கும், கைப்பேசியினுடையது ஓரிரு நாளுக்கே வரும்.

ஒலிபெருக்கியின் பழைய ரிமோட்டை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். சத்தத்தைக் கூட்டும் பொத்தானின்மேல் நகப்பூச்சு ஒரு துளி விட்டுக் காயவைத்தால் சோற்றுப் பருக்கை அளவு மேடு நிற்கும். விளக்கணைத்த கூடத்திலும் விரல் அதைக் கண்டுகொள்ளும். அதற்குக் கீழே இருப்பது குறைக்கும் பொத்தான்.